ஏழு வருட ஐ.சி.யூ. அனுபவத்துக்குப் பிறகும் பி.எஸ்சி. நர்சிங் படிக்க வேண்டுமா?

கேள்வி இது: கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தங்கை ஒருவர் ஜி.என்.எம். என்ற நர்சிங் டிப்ளமோ முடித்து, ஏழு வருடமாகப் பெங்களூரு ஓசூர் ரோட்டில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஐ.சி.யூ.வில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறார். வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. இவர் பக்கத்தில் நிறுத்தி வேலை பழக்கிவிட்ட பி.எஸ்சி. பெண்ணே இப்போது இவருக்கு இன்சார்ஜ். "வேலை எனக்குத் தெரியும். இனிமேல் போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. படித்துப் புதிதாக என்ன கற்கப் போகிறேன்? ஒரு காகிதத்துக்காக இரண்டு வருடச் சம்பளத்தை விடுவதா? குழந்தையை வைத்துக்கொண்டு எப்படிப் படிப்பது?" என்று கேட்கிறார்.

படியுங்கள் என்பதுதான் என் பதில். (போஸ்ட் பேசிக் என்பது டிப்ளமோ முடித்த நர்ஸ்கள் படிக்கும் பட்டப் படிப்பு.) நானும் ஜி.என்.எம்.மில் தொடங்கி, வார்டில் பல வருடம் ஷிஃப்ட் பார்த்து, பிறகு போஸ்ட் பேசிக் முடித்தவள். இப்போது பெங்களூருவில் நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். சம்பளம், பதவி, வெளிநாடு எல்லாவற்றையும் கீழே சொல்கிறேன். ஆனால் அவற்றுக்கெல்லாம் முன்னால் சொல்ல வேண்டியது நோயாளியைப் பற்றி.

உங்களுக்குத் தெரிந்த ஓர் இரவையே எடுத்துக்கொள்வோம். அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாள். ராத்திரி மூன்று மணி. பி.பி. சரியாக இருக்கிறது, ஆக்ஸிஜன் அளவும் பரவாயில்லை. ஆனால் அந்த அம்மா சாயங்காலம் பேசிய மாதிரி இப்போது பேசவில்லை. மூச்சு நிமிடத்துக்கு 26. சிறுநீர் பிடிக்கும் பையில் ஒரு மணி நேரமாக அளவு அதிகம் ஏறவில்லை. ஏதோ சரியில்லை என்று உங்கள் மனசுக்குத் தெரிகிறது. அந்த உணர்வு ஏழு வருடம் படுக்கை ஓரமாக நின்றதில் வந்தது. எந்தப் பட்டமும் அதைத் தராது, இதை நான் உறுதியாகச் சொல்வேன். ட்யூட்டி டாக்டரைக் கூப்பிடுகிறீர்கள். "பி.பி. நார்மல்தானே சிஸ்டர், காலையில் பார்க்கலாம்" என்கிறார். அடுத்து நீங்கள் என்ன சொல்வீர்கள்?

தொற்று ரத்தத்தில் பரவும்போது திசுக்களுக்குப் போதிய ஆக்ஸிஜன் போகாமல் லாக்டிக் அமிலம் சேர்கிறது. அதை ஈடுகட்ட உடல் வேகமாக மூச்சு விடச் செய்கிறது. இதயம் வேகமாக அடித்து, பி.பி.யைச் சில மணி நேரம் தாக்குப்பிடிக்க வைக்கிறது. அது விழுகிறபோது நேரம் கடந்திருக்கும். அதனால் நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் மூச்சும், புதிதாக வந்த குழப்பமும், குறைந்த சிறுநீரும் சேர்ந்து நிற்பதே எச்சரிக்கை. இதைத் தெரிந்து வைத்திருக்கிற நர்ஸ், "சார், பி.பி. நார்மலாக இருப்பதால்தான் இப்போதே வரச் சொல்கிறேன். செப்சிஸாக இருக்கலாம், லாக்டேட் டெஸ்ட் அனுப்பட்டுமா?" என்று கேட்பார். செப்சிஸ் என்பது மேலே சொன்ன அந்தத் தொற்று நிலைதான். அப்படிக் கேட்டால் எழுந்து வராத டாக்டர் மிகக் குறைவு.

ஜி.என்.எம்.மில் இதெல்லாம் சொல்லித் தரவில்லையா என்றால், தொட்டுக் காட்டினார்கள். ஆனால் பதினெட்டு, பத்தொன்பது வயதில், ஒரு நோயாளியையும் முழுதாகப் பார்க்காத நிலையில் மனப்பாடம் செய்த உடலியல் எத்தனை பேர் நினைவில் நிற்கும்? ஏழு வருடம் வேலை பார்த்துவிட்டு அதே பாடத்தைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு படுக்கை எண் கண்ணுக்குத் தெரியும். என் வகுப்பில் போஸ்ட் பேசிக் மாணவிகள் கேட்கும் கேள்விகளை நேராகப் பிளஸ் டூ முடித்து வந்தவர்கள் கேட்பதில்லை. 'புதிதாக என்ன கற்கப் போகிறேன்' என்றீர்கள். நீங்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருப்பதற்குக் காரணம் கற்பீர்கள். காரணம் தெரிந்தவர் பேச்சுக்கு வார்டில் எடை கூடுகிறது. நோயாளிக்காக வாதாட அந்த எடை வேண்டும்.

இதற்கு ஆய்வு ஆதாரமும் இருக்கிறது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் லிண்டா ஐக்கன் தலைமையிலான குழு, அந்த மாநிலத்தின் 168 மருத்துவமனைகளைப் பார்த்து 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. பட்டம் பெற்ற நர்ஸ்களின் விகிதம் 10 சதவீதம் கூடியிருந்த இடங்களில், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைந்திருந்தது. பிறகு ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் 300 மருத்துவமனைகள், நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளை வைத்து 2014-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் அந்தக் குறைவு 7 சதவீதம். சிக்கல்கள் எல்லா மருத்துவமனையிலும் வருகின்றன. வந்த சிக்கலைச் சீக்கிரம் கண்டுபிடித்து ஆளைக் காப்பாற்றுவதில்தான் வித்தியாசம் என்பது இந்த ஆய்வுகளின் சாரம். இவை தொடர்பைக் காட்டுகிற ஆய்வுகள், நம் ஊர் வார்டுகளில் செய்தவையும் அல்ல. அதையும் மனதில் வைத்தே சொல்கிறேன்.

அதே 2014 ஆய்வு இன்னொன்றும் சொன்னது: ஒரு நர்ஸ் கவனிக்கும் நோயாளிகளில் ஒருவர் கூடினால் இறக்கும் வாய்ப்பும் 7 சதவீதம் கூடுகிறது. நிர்வாகங்கள் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, 'எங்களிடம் பி.எஸ்சி. நர்ஸ்கள்தான்' என்று போர்டு வைத்து, ஒருவர் தலையில் எட்டு நோயாளியைக் கட்டுவதை என்னால் ஏற்க முடியாது. படித்த நர்ஸும் வேண்டும், போதுமான நர்ஸும் வேண்டும்.

அடுத்து, அந்த இன்சார்ஜ் விஷயம். உங்களுக்கு அது வலித்திருக்கும், நியாயம்தான். ஆனால் அந்தப் பெண்மேல் கோபப்பட வேண்டாம். ஷிஃப்ட் வேலையில் ஜி.என்.எம்., பி.எஸ்சி. என்று யாரும் பார்ப்பதில்லை; ஊசியும் ஒன்றுதான், கேஸ் ஷீட்டும் ஒன்றுதான். ஷிஃப்ட்டைத் தாண்டிய வேலைகளில் வித்தியாசம் தெரியும். தொற்றுக் கட்டுப்பாட்டு நர்ஸ், தரப் பிரிவு, புதியவர்களுக்குப் பயிற்சி தரும் கிளினிக்கல் இன்ஸ்ட்ரக்டர், நர்சிங் சூப்பிரண்டு என்று போகிற எல்லா இடத்திலும் பெரிய மருத்துவமனைகள் பட்டம் கேட்கின்றன. போஸ்ட் பேசிக் இரண்டாம் வருடத்தில் நர்சிங் கல்வி, நர்சிங் நிர்வாகம், ஆராய்ச்சியும் புள்ளியியலும் என்று மூன்று பாடங்கள் இருக்கின்றன. அலுப்பான பாடங்கள் என்று பலர் ஒதுக்குவார்கள். என்னைக் கேட்டால், வேலை பார்த்துவிட்டு வருகிறவருக்கு அந்தப் பட்டத்தில் மிக உபயோகமானவை அவைதான். படுக்கைப் புண் ஏன் உங்கள் வார்டில் மட்டும் அதிகம் வருகிறது என்று மூன்று மாதக் கணக்கை எடுத்து அட்டவணை போட்டு நிர்வாகத்தின் முன் வைக்கத் தெரிந்தவர், 'இரவு ஷிஃப்டுக்கு இன்னும் இரண்டு பேர் வேண்டும்' என்று கேட்டால் அது புகாராக நிற்காது, கணக்கோடு கூடிய கோரிக்கையாக நிற்கும்.

ஆசிரியர் பணிக்குப் போகிற எண்ணம் துளி இருந்தாலும் பட்டம் இல்லாமல் கதவே திறக்காது. கல்லூரியில் ஆரம்பநிலை ஆசிரியரான டியூட்டர் ஆக பி.எஸ்சி. வேண்டும், அதற்கு மேல் எம்.எஸ்சி. எம்.எஸ்சி.யில் உங்களுக்கு ஒரு சலுகை இருக்கிறது. நேரடி பி.எஸ்சி. முடித்தவர்கள் பட்டத்துக்குப் பிறகு ஒரு வருடம் வேலை பார்த்திருக்க வேண்டும் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. போஸ்ட் பேசிக் மாணவிகளுக்கு அந்த ஒரு வருடம் பட்டத்துக்கு முன்னால் இருந்தாலும் போதும். உங்கள் ஏழு வருடம் அங்கே கணக்கில் வரும். மொத்த மதிப்பெண் 55 சதவீதத்துக்குக் கீழே போகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பாஸானால் போதும் என்று எழுதிவிட்டு எம்.எஸ்சி. வாசலில் நின்று வருத்தப்பட்டவர்களை எனக்குத் தெரியும். 2023 மத்திய பட்ஜெட்டில் மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து 157 புதிய நர்சிங் கல்லூரிகள் அறிவித்தார்கள், வருடத்துக்குச் சுமார் 15,700 பட்டதாரிகள் என்ற கணக்கில். அவர்களுக்குப் பாடம் எடுக்க ஆள் வேண்டுமே.

அரசு வேலைக்காக மட்டும் என்றால், உண்மையைச் சொல்கிறேன், பட்டம் கட்டாயம் இல்லை. நர்ஸ் வேலைக்காக எய்ம்ஸ் நடத்தும் நார்செட் தேர்வுக்கு, 50 படுக்கைக்குக் குறையாத மருத்துவமனையில் இரண்டு வருட அனுபவம் இருந்தால் ஜி.என்.எம்.மே போதும். சேரும் நர்சிங் ஆபீசருக்கு ஏழாவது ஊதியக் குழுவின் லெவல் 7, அதாவது 44,900 ரூபாய் அடிப்படைச் சம்பளம், ஜி.என்.எம்.முக்கும் பி.எஸ்சி.க்கும் அதேதான். அங்கே உங்களைத் தடுப்பது படிப்பு அல்ல, வயது வரம்புதான். பொதுப் பிரிவுக்கு 30. இட ஒதுக்கீட்டுச் சலுகை இருக்கிறவர்கள் முதலில் தேர்வை எழுதுங்கள், பட்டத்தைப் பிறகு பார்க்கலாம்.

தனியாரில் பட்டம் வாங்கிய மறுநாளே சம்பளம் இரட்டிப்பாகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல இடங்களில் ஆரம்பத்தில் கிடைக்கும் வித்தியாசம் சொற்பம். தனியார் நர்ஸ்களின் சம்பளத்துக்காக உச்ச நீதிமன்றம் 2016-ல் சொன்னபடி அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைந்த இடத்தில்கூட மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 படுக்கைக்கு மேல் என்றால் மாநில அரசு நர்ஸுக்கு இணையாகக் கொடுக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. எத்தனை இடத்தில் கொடுக்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அந்தச் சண்டை தனி. பட்டம் அதற்கு மாற்று ஆகாது.

வெளிநாடு நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனிக்கு ஜி.என்.எம்.மோடு போகலாம், ஜெர்மன் மொழியில் பி2 நிலை வர வேண்டும். மொழி வகுப்பில் பாதி வந்துவிட்டவர்கள் அதை விட்டுவிட்டுப் பட்டத்துக்கு ஓட வேண்டாம். இங்கிலாந்தும் ஜி.என்.எம்.மை ஏற்கிறது, அங்கே ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. என்ற ஆங்கில மொழித் தேர்வுதான் பெரிய தடை. சவூதியில் நிலைமை வேறு. பட்டம் உள்ளவரை 'ஸ்பெஷலிஸ்ட்' என்றும், டிப்ளமோ மட்டும் இருந்தால் 'டெக்னீஷியன்' என்றும் வகைப்படுத்துகிறார்கள். பதவி, சம்பளம், வாய்ப்பு எல்லாம் அதை ஒட்டித்தான். வளைகுடா போகிற யோசனை இருந்தால் பட்டத்தோடு போங்கள்.

இப்போது எப்படிப் படிப்பது என்பதற்கு வருகிறேன். இதில்தான் பெங்களூருவில் அதிகம் ஏமாறுகிறார்கள். வழி இரண்டு. ஒன்று, இரண்டு வருட முழுநேர போஸ்ட் பேசிக். கர்நாடகத்தில் ராஜீவ் காந்தி சுகாதார அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ் வருகிற கல்லூரிகளில். இன்னொன்று, இக்னோ, அதாவது இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம், நடத்தும் மூன்று வருடத் தொலைநிலைப் படிப்பு. பிளஸ் டூ, ஜி.என்.எம்., கவுன்சில் பதிவு, அதற்குப் பிறகு இரண்டு வருட வேலை அனுபவம் என்று கேட்பார்கள். நுழைவுத் தேர்வு உண்டு, மையங்களில் இடம் குறைவு. தொலைநிலை நர்சிங் பட்டங்களில் இந்திய நர்சிங் கவுன்சில் ஏற்பது இக்னோவை மட்டும்தான். வேறு எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி 'கரஸ்பாண்டன்ஸில் பி.எஸ்சி. நர்சிங்' என்றாலும் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். இக்னோவிலும் நேரில் வகுப்பும் மருத்துவமனைப் பயிற்சியும் உண்டு, வீட்டிலிருந்தே முடிப்பது இல்லை.

மூன்றாவதாக ஒரு வழி இருப்பதாக ஏஜென்ட்கள் சொல்வார்கள். ஓசூர், தர்மபுரி, சேலம் என்று ஊர் ஊராகப் போய், 'நான்-அட்டெண்டிங் சீட், வேலையை விட வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வந்தால் போதும்' என்பார்கள். கைகூப்பிக் கேட்கிறேன், அந்தப் பக்கம் போகாதீர்கள். முழுநேரப் படிப்பில் தியரியிலும் பிராக்டிகலிலும் தனித்தனியாக 80 சதவீத வருகை இருந்தால்தான் பரீட்சை எழுதலாம். பட்டம் வாங்குமுன் பிராக்டிகல் நூறு சதவீதம் முடிந்திருக்க வேண்டும். அதை யாரோ பதிவேட்டில் எழுதிக் கொடுத்துவிடலாம். பிறகு உங்கள் ஃபைலில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள்: ஒரே இரண்டு வருடத்துக்கு முழுநேர வேலைச் சான்றிதழும் முழுநேரப் படிப்புச் சான்றிதழும். வளைகுடாவுக்குப் போக டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் உங்கள் சான்றிதழ்களைச் சரிபார்க்கும்போது கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள். தேதி முட்டினால் பட்டம் மட்டும் போகாது, உண்மையாக உழைத்த ஏழு வருடமும் சேர்ந்து சந்தேகத்துக்கு ஆளாகும். அதைவிட, மேலே சொன்ன ராத்திரி மூன்று மணிக்கு அந்தக் காகிதம் எதற்கும் உதவாது.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பல்கலைக்கழக இணைப்பு, கர்நாடக மாநில நர்சிங் கவுன்சில் அங்கீகாரம், இந்திய நர்சிங் கவுன்சில் பட்டியல் மூன்றையும், இந்த வருடத்துக்கும் இந்தப் படிப்புக்கும் உண்டா என்று நீங்களே பாருங்கள். அதே கல்லூரிக்கு ஜி.என்.எம். அனுமதி இருந்து போஸ்ட் பேசிக் அனுமதி இல்லாமல் இருக்கலாம். தமிழ்நாட்டுக்குத் திரும்பும் எண்ணம் இருப்பவர்கள் இதில் இரண்டு மடங்கு கவனமாக இருங்கள். பட்டம் வாங்கியதும் கவுன்சிலில் கூடுதல் தகுதியாகப் பதிந்துகொள்ள வேண்டும். அதைச் செய்யாமல் அலமாரியில் வைத்துவிட்டு, நேர்காணல் வந்தபின் ஓடுகிறவர்கள் நிறைய.

அசல் சான்றிதழ்கள் உங்கள் கையில் இருக்கின்றனவா? பாண்டு, அதாவது இத்தனை வருடம் வேலை பார்ப்பதாக எழுதிக் கொடுத்த ஒப்பந்தம், என்று சொல்லி ஒரு மருத்துவமனை என் தோழி ஒருத்தியின் அசல்களை வாங்கி வைத்துக்கொண்டு, கல்லூரிச் சேர்க்கை முடிகிற வரைக்கும் இழுத்தடித்தது. அந்த வருடம் அவளுக்கு வீணானது. சேர்க்கை தொடங்க நாள் இருக்கும்போதே எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கி வையுங்கள். தமிழ்நாட்டு கவுன்சிலில் பதிவு செய்து கர்நாடகத்துக்கு மாற்றாமல் இருந்தால் அந்த வேலையையும் இப்போதே தொடங்குங்கள், அது ஒரு வாரத்தில் முடியாது.

பணம் பற்றி. உங்கள் மருத்துவமனையே கல்லூரி நடத்தினால் நர்சிங் சூப்பிரண்டிடம் நேராகப் போய்க் கேளுங்கள். ஸ்டாஃபுக்குக் கட்டணச் சலுகை தருகிற இடங்கள் இருக்கின்றன. பதிலுக்குச் சில வருடம் வேலை பார்க்கச் சொல்வார்கள். நிபந்தனையை வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஐ.சி.யூ. அனுபவம் உள்ளவருக்கு மறுபடி வேலை கிடைப்பது பெங்களூருவில் கஷ்டமே இல்லை, அதனால் வேலையை விட்டால் போய்விடும் என்ற பயம் வேண்டாம். கஷ்டம் அந்த இரண்டு வருடத்தை ஓட்டுவதில்தான். சந்தாபுரா பக்கம் வாடகை, குழந்தையின் பள்ளி, ஊருக்கு அனுப்பும் பணம் என்று எல்லாவற்றையும் எழுதி, எட்டு மாதச் செலவாவது கையில் சேர்ந்த பிறகு சேருங்கள். நகையை வைத்துக் கட்டணம் கட்டுவதாக இருந்தால் அதற்கு முன் வங்கியில் கல்விக் கடன் கேட்டுப் பாருங்கள்.

ஆங்கிலத்தை நினைத்துப் பயப்படுவதாகவும் எழுதியிருந்தீர்கள், தமிழ் வழியில் படித்தேன் என்று. தினமும் நர்ஸஸ் நோட்ஸ் ஆங்கிலத்தில்தானே எழுதுகிறீர்கள்? அதைத்தான் கொஞ்சம் நீட்டி எழுதப் போகிறீர்கள். வார்டில் கன்னடம், தெலுங்கு, இந்தி என்று மூன்று மொழியில் நோயாளியிடம் பேசப் பழகியவருக்கு இது எட்டாத காரியமில்லை. சமூக நல நர்சிங்கில் வீடு வீடாகப் போகும்போது உங்கள் மொழிகளுக்காகவே மற்ற மாணவிகள் உங்களைத் தங்கள் குழுவுக்கு இழுப்பார்கள்.

குழந்தை மூன்று வயது என்றீர்கள். ஜி.என்.எம். படிப்பைப் போல இரவு ட்யூட்டி போட்டு வாட்டமாட்டார்கள். பெரும்பாலும் பகல் வகுப்பும் பகல் பயிற்சியும்தான். ஏழு வருடமாக நைட் பார்த்துவிட்டுக் காலையில் தூங்காமல் குழந்தைக்குச் சமைத்தவருக்கு, தினமும் சாயங்காலம் வீட்டில் இருக்கிற இரண்டு வருடம் கிடைக்கிறது. மாமியாரிடமும் கணவரிடமும் இதை முதலில் சொல்லுங்கள், பட்டத்தைப் பற்றிப் பிறகு பேசலாம். மழைக்காலத்தில் சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலைத் தாண்டிப் போக வேண்டிய கல்லூரியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். கொஞ்சம் பெயர் குறைந்ததாக இருந்தாலும், சொந்த மருத்துவமனையும் நல்ல ஆசிரியர்களும் உள்ள, வீட்டுக்குப் பக்கத்துக் கல்லூரியே உங்களுக்கு ஏற்றது. சேருவதற்கு முன் ஒரு நாள் ஆஃப் எடுத்து நேரில் போய், அங்கே இரண்டாம் வருடம் படிக்கிற போஸ்ட் பேசிக் மாணவி ஒருவரிடம் கேன்டீனில் உட்கார்ந்து பேசுங்கள். வகுப்பு தினமும் நடக்கிறதா, பயிற்சிக்கு எந்த மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள், சொன்ன கட்டணத்துக்கு மேல் எதற்கெல்லாம் கேட்கிறார்கள் என்ற மூன்றையும் அவரிடம் கேட்ட பிறகே அட்மிஷன் பணத்தைக் கட்டுங்கள்.